தேளும் தராசும்

சின்னஞ்சிறு உயிர்களை அருகிருந்து படம் பிடிக்கும் கலை இன்று எங்கும் பரவியிருக்கிறது. தேள், சிலந்தி, எறும்பு, தும்பி, மரத்தவளை முதலிய ஜந்துக்களின் கண்ணையும் காலையும் பெருக்கிக் காட்டும் படங்களைப் பத்திரிகைகளிலும் கைத்தொலைபேசியிலும் நாள்தோறும் காண்கிறோம். பார்ப்பவர் வியக்கிறார், சிருஷ்டியில் இவ்வளவு நுட்பமா என்று சொல்லி மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சியில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்தப் படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே.

நாம் இங்கே கேட்கப்போவது அந்தக் கேள்விதான். ஒரு தேளைப் படமெடுப்பதில் நியாயம், அநியாயம் என்று உண்டா? உண்டென்றால் அது யாருக்குச் செய்யும் நியாயம்? தேளுக்கா, படத்தைப் பார்க்கும் மனிதனுக்கா? 'கடை நடத்தும் நமக்கு இந்த விசாரணை எதற்கு?' என்று அன்பர்கள் சிலர் நினைக்கலாம். நிறுவையோடும் அளவையோடும் மாதிரிச் சரக்கோடும் பொழுதெல்லாம் பழகுகிறவர்கள் நாம். ஆகவே இந்தக் கேள்வி மற்றவர்களைவிட நமக்கு எளிதில் விளங்கும் என்பது நம் எண்ணம்.

தொழிலின் தன்மை

தொழிலின் தன்மை தெரியாமல் அதன் தர்மத்தைப் பேச முடியாது. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வண்டின் உருவம் காமிராவின் உள்ளேயுள்ள ஒளியுணர் தகட்டிலும் அதே ஒரு சென்டிமீட்டர் அளவில் விழுமானால், அதனை ஒன்றுக்கு ஒன்று என்ற பெருக்கம் என்பர். மேக்ரோ படம் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியது. இவ்வளவு நெருங்கும்போது ஒரு சங்கடம் உண்டாகிறது. படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. சிலந்தியின் கண் தெளிந்தால் கால் மங்கும். கால் தெளிந்தால் கண் மங்கும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி ஆழத்தைக் கூட்டலாம். ஆனால் வெளிச்சம் குறைந்துபோகும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதுமே கூர்மை இழக்கும்.

இதற்குக் கண்ட உபாயம் யாதெனில், தெளிவு விழும் இடத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்திப் பத்து, ஐம்பது, சில வேளை நூற்றுக்கு மேலும் படங்கள் எடுப்பது; ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் கணினியால் சேர்த்து ஒரே படமாக்குவது. இந்த உபாயத்திலேதான் சோதனையும் பிறக்கிறது. அத்தனை படமும் எடுத்து முடியும் வரை அந்த உயிர் அசையாதிருக்க வேண்டும். எறும்புக்கு இது தெரியுமா? தவளைக்குத் தெரியுமா?

பொறுமையுள்ளவர் விடியற்காலையில் எழுந்து போகிறார். அப்பொழுது தும்பிகள் பனி படர்ந்த சிறகோடு குளிரில் அசைவற்றுப் புல்நுனியில் ஒட்டியிருக்கும். வெயில் ஏறிய பிறகே பறக்கும். தேளும் அப்படியே. இரையை நாடி அலையாமல் பொந்தின் வாயிலிலேயே நெடுநேரம் சலனமின்றிக் காத்திருப்பது பல தேள்களின் இயல்பு. காத்திருக்கும் தேளுக்கு எதிரே தானும் காத்திருக்கத் தெரிந்தவருக்குப் படம் கிடைக்கிறது. பொறுமையில்லாதவரோ பூச்சியைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கிறார். உடற்சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள இயலாத அந்த ஜந்து குளிரில் விறைத்துப்போகிறது. வெளியே எடுத்து ஒரு மலரின்மேல் வைத்து, அது தெளிந்து எழுவதற்குள் படத்தை முடித்துவிடுகிறார். இன்னும் துணிந்தவர்கள் நூலால் கட்டுவதும், பசையால் ஒட்டுவதும், கொன்றுவிட்டு உயிருள்ளதுபோல் நிறுத்துவதும் உண்டு.

மது அருந்திய எறும்பு

இது புதிய வழக்கமன்று. இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி 1665ஆம் ஆண்டில் 'மைக்ரோகிராபியா' என்னும் நூலை வெளியிட்டார். உருப்பெருக்கியில் கண்ட ஈ, தெள்ளுப்பூச்சி, எறும்பு முதலியவற்றைக் கையால் வரைந்து அச்சிட்ட நூல் அது. அக்காலத்தில் காமிரா இல்லை. வரைந்து முடிக்கும் வரை ஜந்து அசையாதிருக்க வேண்டும். எறும்போ நிற்கவில்லை. மெழுகிலும் பசையிலும் காலைப் பதித்தால் உடலை முறுக்கித் திமிறியது. கொன்றால் உருவம் கெட்டது. முடிவில் ஹூக் அதற்கு மதுசாரத்தை ஊட்டினார். எறும்பு மயங்கி விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு விழித்தெழுந்து ஓடிப்போயிற்று.

அன்பர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். நமக்கு விலக்கப்பட்ட பானத்தை எறும்புக்குக் கொடுத்த கதை சிரிப்புக்கு உரியதுதான். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹூக் தாம் செய்ததை ஒளிக்கவில்லை. மெழுகில் பதித்ததையும் மயக்கியதையும் தம் நூலிலேயே எழுதிவைத்தார். படிப்பவனை அவர் ஏமாற்றவில்லை. எறும்பை மட்டும் துன்புறுத்தினார். ஆக, இங்கே இரண்டு வேறு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, படம் எடுக்கப்படும் உயிருக்கு நாம் பட்ட கடன். மற்றொன்று, படத்தைப் பார்க்கும் மனிதனுக்கு நாம் பட்ட கடன். ஒரு கணக்கைத் தீர்த்தவன் மற்றதையும் தீர்த்துவிட்டான் என்று கொள்வதற்கில்லை.

பார்ப்பவனுக்குப் பட்ட கடன்

பழக்கூடையின் மேலே நல்ல பழங்களை அடுக்கி அடியில் அழுகலை மறைப்பவனை நாம் என்ன சொல்கிறோம்? வாங்குபவன் கூடைக்குள் கைவிட்டுப் பார்க்க மாட்டான் என்ற நம்பிக்கையில்தான் அவன் பிழைக்கிறான். புகைப்படமும் அத்தகைய கூடைதான். 'இது நடந்தது; காமிரா கண்டது' என்று அது சாட்சி சொல்கிறது. ஓவியன் வரைந்த தேளைப் பார்த்து அது நடந்ததா என்று எவரும் கேட்பதில்லை. புகைப்படத்தை மட்டும் சாட்சியாக ஏற்றுக்கொள்கிறோம். அந்த நம்பிக்கையே அதன் முதல். முதலைத் தின்றுவிட்டு வியாபாரம் நடத்த முடியாது.

1958ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னி நிறுவனம் 'ஒயிட் வில்டர்னஸ்' என்ற படத்தை வெளியிட்டது. லெம்மிங் என்னும் வடதுருவச் சிற்றெலிகள் கூட்டங்கூட்டமாகச் செங்குத்தான கரையிலிருந்து நீரில் பாய்ந்து மடிவதாக அதில் ஒரு காட்சி வருகிறது. அப்படத்துக்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. 1982இல் கனடா ஒலிபரப்புக் கழகம் துருவிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. அந்த எலிகள் வேறிடத்திலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்டவை; படமெடுத்தவர்களே அவற்றைக் கரையிலிருந்து தள்ளினார்கள். லெம்மிங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் வழக்கம் இயற்கையில் இல்லை. ஆயினும் அப்பொய்யை இன்றும் பலர் நம்புகிறார்கள். ஒரு காட்சிக்காக உயிர்கள் மாண்டன. ஒரு தலைமுறையின் அறிவில் பொய் கலந்தது. இரண்டு கடனும் ஒரே நாளில் ஏறின.

லண்டனிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2017ஆம் ஆண்டு ஒரு பிரிவில் ஒரு படம் பரிசு பெற்றது. பிரேசில் நாட்டில் இரவு வேளையில், மின்மினிபோல் ஒளிரும் சிறு வண்டுப் புழுக்கள் பதிந்த கறையான் புற்று. அதை நாடி வரும் எறும்புத்தின்னி. அற்புதமான காட்சி. ஆனால் 2018இல் அப்பரிசு பறிக்கப்பட்டது. படத்திலிருந்தது பாடம் செய்யப்பட்ட எறும்புத்தின்னி என்று வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு அருங்காட்சியகம் முடிவு செய்தது. எடுத்தவர் குற்றத்தை மறுத்தார். இங்கே எந்த ஜீவனும் துன்புறவில்லை. செத்த விலங்குக்கு நோவு ஏது? ஆயினும் படம் தள்ளப்பட்டது. ஏன்? பார்ப்பவனுக்குப் பட்ட கடன் தனிக்கடன் என்பதனால்தான்.

உபாயம் எல்லாம் பொய்யா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். நூறு படங்களை ஒன்றாக ஒட்டுவதே பொய்யாகாதா? மனிதக் கண் காணாத பெருக்கத்தைக் காட்டுவது பொய்யாகாதா?

தேளையே எடுத்துக்கொள்வோம். புற ஊதா விளக்கை இருட்டில் ஒரு தேளின்மேல் அடித்தால் அதன் உடல் முழுதும் நீலப்பச்சையாக ஒளிர்கிறது. அதன் மேல்தோலில் உள்ள சில இரசாயனப் பொருள்களால் இது நிகழ்கிறது. அவற்றுள் பீட்டா கார்போலின் என்பது 1999இல் கண்டறியப்பட்டது. புதிதாகத் தோலுரித்த தேள் ஒளிராது; மேல்தோல் இறுக இறுகத்தான் ஒளி வரும். பாடம் செய்து பல ஆண்டு வைத்த தேளும் ஒளிரும். இவ்வாறு ஒளிரும் தேளின் படம் மிக அழகானது. ஆனால் காட்டில் நிலவொளியில் நடப்பவர் கண்ணுக்குத் தேள் அப்படித் தோன்றாது. விளக்கின் செய்தியைச் சொல்லாமல் வெறும் படத்தைக் கொடுத்தால், மின்மினியைப்போல் ஒளிவிடும் தேள் ஒன்று உண்டென்று சிறுவர் நம்பிவிடுவர். 'புற ஊதா விளக்கில் எடுத்தது' என்று ஒரு வரி எழுதினால் அதே படம் நல்ல பாடமாகிவிடுகிறது.

லெவன் பிஸ் என்ற ஆங்கிலப் புகைப்படக்காரர் 2016இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சிப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 8,000 சிறு படங்களைச் சேர்த்துச் செய்தது. பூச்சிகளோ அருங்காட்சியகம் முன்னமே சேகரித்து ஊசியில் குத்தி வைத்திருந்தவை. அவர் எதையும் மறைக்கவில்லை. எப்படிச் செய்தார் என்பதையே காட்சியின் ஒரு பகுதியாக்கினார். இதில் உபாயம் மிகுதி, பொய் இல்லை. பவுனில் எவ்வளவு செம்பு கலந்திருக்கிறது என்று முத்திரையிட்டு விற்பவனை ஏமாற்றுக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. கலந்ததை மறைத்து விற்பவனே குற்றவாளி. குறையைச் சொல்லி விற்கும் வியாபாரிக்கு உள்ள அதே விதி இங்கும் செல்லும்.

தேளுக்குப் பட்ட கடன்

இனி மற்றக் கணக்குக்கு வருவோம். 'தேள் விஷ ஜந்து. கண்ட இடத்தில் அடிக்கிறோம். அதற்கு நாம் என்ன கடன் பட்டோம்?' என்று கேட்பவர் உண்டு. இதை அலட்சியம் செய்வதற்கில்லை. இந்தியாவின் கொங்கணப் பகுதியில் செந்தேள் கொட்டி எத்தனையோ பிள்ளைகள் மாண்டிருக்கிறார்கள். மஹாராஷ்டிரத்தில் மஹாட் என்னும் ஊரில் மருத்துவம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் பிராசோசின் என்ற மருந்தைக் கையாண்டு பலரைக் காப்பாற்றினார். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்த் தேளின்மேல் இரக்கம் காட்டு என்று சொல்ல நமக்கு வாய் வராது.

கொட்ட வரும் தேளைக் கொல்ல நம் மார்க்கத்திலும் தடையில்லை. ஆனால் உயிருள்ள ஒன்றை விளையாட்டுக்குக் குறியாக நிறுத்துவதை அதே மார்க்கம் விலக்கியிருப்பதையும் நாம் அறிவோம். இவ்விரண்டிலும் முரண்பாடு இல்லை. தொட்டிலருகே வந்த தேளை அடிப்பவன் தேவையினால் அடிக்கிறான். காட்டில் தன் பாட்டுக்கு மரப்பட்டைக்கடியில் கிடந்த தேளைப் பிடித்து விறைக்கச் செய்பவனுக்கு என்ன தேவை? ஒரு படம். அந்தப் படமும், அவன் இன்னும் இரண்டு இரவு விழித்திருந்தால் கிடைத்திருக்கும். அவன் கொடுக்க வேண்டிய விலை தூக்கம். அதைக் கொடுக்க மனமில்லாமல் விலையைத் தேளின் தலையில் கட்டினான். தன் நஷ்டத்தை வாய் பேசாத கூட்டாளியின் பேரில் எழுதும் கணக்குப்பிள்ளையை நாம் கடையில் வைத்துக்கொள்வோமா?

'பூச்சிக்கு நோவு தெரியுமா?' என்பது அடுத்த கேள்வி. இதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் முடிந்த முடிபு இல்லை. ஆனால் எண்ணம் மாறிவருகிறது. லண்டனில் 2022இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வண்டுத்தேனீக்கள் எந்த இரையும் எதிர்பாராமல் சிறு பந்துகளை உருட்டி விளையாடியதாகக் கண்டார்கள். அதே 2022இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டம் ஒன்று நண்டு, இறால், கணவாய் இனங்களையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. நண்டுக்குத் தூரத்து உறவான தேளுக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

ஆகவே இது ஐயத்துக்குரிய கடன். ஐயத்துக்குரிய கடனை நாணயமுள்ள வணிகன் எப்படித் தீர்க்கிறான்? பழைய பேரேட்டில் ஒருவருக்குப் பாக்கி கொடுக்க வேண்டியதாகத் தோன்றுகிறது, சீட்டு அகப்படவில்லை. 'நிரூபித்தால் தருகிறேன்' என்பவனும் உண்டு. 'இருக்கலாம், சிறு தொகைதானே, கொடுத்துவிடுவோம்' என்பவனும் உண்டு. இரண்டாமவனுக்கு அதனால் ஆகும் செலவு கொஞ்சம். கடன் உண்மையாக இருந்துவிட்டாலோ அவன் பெரும் பழியிலிருந்து தப்பினான். தேளின் விஷயத்திலும் நாம் கொடுக்க வேண்டியது மிகக் கொஞ்சம். புரட்டிய கல்லையும் கட்டையையும் இருந்தபடியே திருப்பி வைத்தல், ஏனெனில் அதனடியிலுள்ள ஈரமே பல உயிர்களுக்கு வீடு. புற ஊதா விளக்கை வேலை முடிந்ததும் அணைத்தல். குஞ்சு சுமக்கும் தாயை விட்டு விலகுதல். தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். முதல் தோலுரிக்கும் வரை குட்டிகளுக்குத் தாயின் முதுகே தொட்டில்.

படத்தால் விளையும் நன்மையும் தீமையும்

'இப்படங்களால்தானே மக்கள் சிற்றுயிர்களை நேசிக்கக் கற்கிறார்கள்? பெரிய நன்மைக்காகச் சிறிய துன்பம் ஆகாதா?' என்று சிலர் வாதிப்பர். நன்மை உண்மைதான். மலேசியக் காடுகளில் காணும் பெரிய கரிய நட்டுவாக்காலியைப் பார்த்தால் குலை நடுங்குகிறது. ஆனால் அதன் விஷம் செந்தேளின் விஷத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. இடுக்கி தடித்து வால் மெலிந்த தேளைவிட, இடுக்கி மெலிந்து வால் தடித்த தேளே பெரும்பாலும் அபாயமானது. விலக்குகளும் உண்டு. ஆகையால் எதையும் கையால் தொடாதிருப்பதே அறிவு. இத்தகைய பாடத்தை ஒரு நல்ல படம் நூறு சொல்லைவிட நன்றாகக் கற்பிக்கும். ஆனால் அந்தப் படம் மெய்யாக இருந்தால்தான் பாடமும் மெய்யாகும். நிறத்தை மாற்றி, இடத்தை மாற்றி, வாழ்க்கையை மாற்றி எடுத்த படத்திலிருந்து கற்றவன் எதை நம்பிக் கல்லைப் புரட்டுவான்? பொய்யினால் பெறும் நன்மை கள்ள நோட்டில் வந்த லாபம் போன்றது.

மெய்யான படமும் தீங்கு செய்யும் சமயம் உண்டு. சரவாக் காடுகளில் நீலக் கால்களுள்ள ஓர் அழகிய பெருஞ்சிலந்தி இருக்கிறது. அதற்கு 2019இல் இங்கிலாந்தில் ஒரு சஞ்சிகையில் விஞ்ஞானப் பெயர் இடப்பட்டது. அதற்கு ஆதாரமான சிலந்திகளைக் கொண்டுசெல்ல உரிமம் தரவில்லை என்று சரவாக் அதிகாரிகள் கூறியதாகச் செய்திகள் வந்தன. அழகிய ஜந்துவை விலை கொடுத்து வாங்கி வளர்ப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். வாங்குவோர் இருந்தால் பிடிப்போரும் வருவர். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மரச்சிலந்தி இனம் ஒன்றை 2019இல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆகவே அரிய உயிரின் படத்தை வெளியிடுபவர் அது இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லாதிருப்பது கடமை. முறையை மறைப்பது மோசடி. இடத்தை மறைப்பது காவல். வீட்டுச் சாவி இருக்குமிடத்தைச் சந்தையில் சொல்லாதவனைப் பொய்யன் என்று எவரும் சொல்லார்.

நாம் செய்யத்தக்கது

ஒரு சோதனையைச் சொல்லலாம். படத்தின் கீழே, அது எடுக்கப்பட்ட விதத்தை முழுமையாக எழுத முடியுமா? 'இரவு மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்தது' என்று எழுதக் கூச்சமில்லை. 'குளிர்ப்பெட்டியில் வைத்து விறைத்த பிறகு மலரில் வைத்தேன்' என்று எழுத மனம் கூசும். தேள் கொட்டிய திருடன் வாய்விட்டு அலற முடியாதது போல, தப்பு வழியில் படமெடுத்தவன் வாய் திறந்து சொல்ல முடியாது. எழுதக் கூசுவதைச் செய்யாதிருப்பதே முறை. ஆனால் ஹூக்கின் எறும்பை மறக்கலாகாது. கூச்சமில்லாமல் எழுதிவிட்டால் மட்டும் செய்தது நியாயமாகிவிடாது. ஆகையால் எழுத முடியுமா என்று கேட்ட பிறகு, விலையை யார் கொடுத்தார் என்றும் கேட்க வேண்டும்.

இக்கேள்விகள் படமெடுப்பவருக்கு மட்டும் உரியவை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நாட்காட்டி அச்சிடுகிறோம், சரக்குப் பெட்டிக்குப் படம் வாங்குகிறோம், பிள்ளைகளுக்குப் பரிசாகப் படப் புத்தகம் கொடுக்கிறோம். வாங்குபவன் கேட்காத வரையில் விற்பவன் சொல்லமாட்டான் என்பது சந்தையின் பழைய பாடம். திருட்டுச் சரக்கு என்று தெரிந்தும் வாங்குபவனுக்குத் திருட்டில் பங்கு உண்டு; விசாரிக்காமலே வாங்குபவனும் முழுச் சுத்தன் அல்லன். இயந்திரமே கற்பித்து வரைந்த தேளும் இன்று மெய்த்தேள் போலச் சந்தைக்கு வந்துவிட்டது. இந்நிலையில் 'இது எப்படி எடுத்தது, ஐயா?' என்று கேட்பது எப்போதையும்விட அவசியமாகிறது. நேர்மையாக எடுத்தவர் அக்கேள்வியைக் கேட்டு மகிழ்வார். தம் விழிப்பையும் கால்கடுப்பையும் விரிவாகச் சொல்லத் தொடங்குவார்.

நம் தராசில் முன்னால் நிற்பவர் யாராயினும் படிக்கல் மாறுவதில்லை. பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு கல், தெரியாத சிறுவனுக்கு ஒரு கல் என்று வைத்திருப்பவனை நாம் வணிகன் என்று மதிப்பதில்லை. தேளுக்குப் பேரம் பேசத் தெரியாது, முறையிடவும் தெரியாது. அதற்கு எந்தக் கல்லைப் போடுகிறோம் என்பதை நம் கை அறியும். அடுத்த வருஷ நாட்காட்டிக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது அன்பர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்ப்பார்களாக.